பாலைக் கன்றுகளுக்குக் கட்டிய மஞ்சள் நூல்

காட்டைப் பார்க்கப் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் மூன்று வருஷம் குனிந்தே பார்த்தேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கல்யாண மண்டபத்துச் சுவரோரம் முளைத்திருக்கும் அரசங்கன்று, ரயில் நிலையத்தில் தண்டவாளக் கற்களுக்கு நடுவே நிற்கும் வேப்பங்கன்று, எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. நகையைத் தொலைத்தவள் மாதிரி நடக்கிறாய் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். நான் தொலைத்தது நகை இல்லை. ஆனால் எதையோ தொலைத்தேன் என்பது அவருக்கும் தெரியும், அதனால் கேலி அந்த ஒரு வரியோடு நின்றுவிடும்.

அப்போது நான் சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவி. கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தவள், மூன்று வருஷம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, முப்பது தாண்டிய வயதில் மறுபடி ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்ந்தேன். என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களிடம், ஒரு கோயில் காட்டில் பாலைக் கன்றுகள் ஏன் பெரிதாவதில்லை என்று பார்க்கிறேன் என்பேன். தண்ணி ஊத்துனா வளரப்போவுது என்று பக்கத்து அறைப் பெண் சொன்னாள். அவள் ஆங்கில இலக்கியம். அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம்.

அந்தக் காடு புவனகிரியிலிருந்து கடலூர் வரும் வழியில் உள்ளே தள்ளி இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குத்தான் வம்பு. ஐயனார் கோயிலைச் சுற்றி நாலைந்து ஏக்கர் இருக்கும். வீரை, காசான், நடுவே இரண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத பாலை மரங்கள். ஐப்பசி மழை கழிந்து கார்த்திகையில் போய்ப் பார்த்தால் அந்த மரங்களுக்கு அடியில் கால் வைக்க இடமிருக்காது, அவ்வளவு கன்றுகள். ஆனால் இந்தச் சுண்டு விரல் உயரக் கன்றுகளுக்கும் அந்தப் பெரிய மரங்களுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. தாத்தாக்கள் இருந்தார்கள், தொட்டில் பிள்ளைகள் இருந்தன. பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருவரும் இல்லை. தாத்தாக்கள் போய்விட்டால் அதோடு சரி.

மரம் காய்க்காமல் இல்லை. சித்திரை, வைகாசியில் மஞ்சள் மஞ்சளாகப் பழுத்துத் தொங்கும். ஊர்ப் பெண்கள் அதைப் பறித்துத் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் கூறு கட்டி விற்பார்கள். நானே சின்ன வயதில் அங்கே வாங்கி, உதடு பிசுபிசுக்கத் தின்றிருக்கிறேன். விற்றது போக வௌவாலுக்கு, வௌவாலுக்குப் போக வண்டுக்கு, எல்லாம் போக மிச்சம் மண்ணுக்கு. முளைத்ததில் பாதியை ஆடு மேய்ந்துவிடும். மேயாமல் விட்டதைக் கோடை காய்ச்சி எடுத்துவிடும். இத்தனையும் தப்பி ஒரு கன்று முழங்கால் உயரம் வந்துவிட்டால் போதும், அது பிழைத்துக்கொள்ளும் என்பது என் நெறியாளரின் கணக்கு. ஆகவே நான் தேடியது ஒரே ஒரு விஷயம்தான். முழங்கால் உயரத்துக்கு முன்னால் அவற்றை எது கொல்கிறது? அதைக் கண்டுபிடித்து எழுதினால் எனக்கு டாக்டர் பட்டம். விட்டால் வேறு வாய்ப்பு கிடையாது. பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் ஒரு நாள் லீவு தரமாட்டார்கள்.

வாரத்தில் இரண்டு நாள் காலை முதல் பஸ். ஜன்னலோர சீட்டு, மடியில் டேப், நூல்கண்டு, நோட்டு, தயிர்சாத டப்பா. வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது ஒரு காற்று வரும். அந்தக் காற்று முகத்தில் அடித்த காலத்தில் நான் இருந்த சந்தோஷத்தில் பின்னால் ஒருநாளும் இருந்ததில்லை. கல்யாணம், பிள்ளை, சொந்த வீடு எல்லாம் பிற்பாடு வந்தன, எதற்கும் குறை சொல்லவில்லை. ஆனாலும் சொல்கிறேன், இருந்ததில்லை.

முதல் மாதமே கொலையாளியைக் கையும் களவுமாகப் பிடித்தேன். ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நீளமான தென்னந்துடைப்பத்தால் காட்டையே பெருக்கிக்கொண்டிருந்தாள். வாசல் பெருக்குகிற மாதிரி, சருகு, முளை, எண்ணுவதற்குக் கட்டம் பிரித்து நான் அடித்து வைத்திருந்த குச்சி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு குவியலாக்கியிருந்தாள். நான் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த வௌவால்கள் கிளம்பிவிட்டன. அவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, நான் முடிக்கும்வரை நிதானமாகக் கேட்டாள். என் கழுத்தில் சிலுவைச் சங்கிலி, உடம்பில் வெளிர் நிறச் சேலை. என்னைக் கன்னியாஸ்திரி என்றே முடிவு செய்துவிட்டாள். பிறகு எத்தனையோ தடவை திருத்திப் பார்த்தேன். கடைசிவரை அவளுக்கு நான் சிஸ்டர்தான்.

விஷயம் இதுதான். புவனகிரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம் அவள் புருஷனுக்கு மஞ்சள் காமாலை முற்றிப்போய், பிழைக்கமாட்டான் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் எழுந்து உட்கார்ந்தால், உயிருள்ளவரை செவ்வாயும் வெள்ளியும் ஐயனார் காட்டைக் கூட்டிப் பெருக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அவன் எழுந்து உட்கார்ந்தான். இப்போது டிராக்டர் ஓட்டுகிறான். பெருக்காதே என்று நான் சொன்னதற்கு அவள் கேட்டது ஒரே கேள்வி.

"நான் பெருக்காம உட்டு அவருக்கு எதாச்சும் ஆனா, நீங்க வந்து நிப்பீங்களா சிஸ்டர்?"

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். நான் அடையாளம் வைத்த கன்றுகளைச் சுற்றி அவள் துடைப்பம் போடமாட்டாள், சருகைக் கையால் பொறுக்கிவிடுவாள். வேண்டுதலுக்கும் பங்கமில்லை, ஆராய்ச்சிக்கும் பங்கமில்லை. அன்றிலிருந்து பத்து மணிக்கு அவள் கொண்டுவரும் கூழும் என் தயிர்சாதமும் பொதுவாகிப்போயின. பெருக்கும் நேரம் போக என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் அளப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இத்துனூண்டு செடிக்கு இத்தாம்பெரிய டேப்பா என்று சிரிப்பாள்.

அடையாளம் வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. முதலில் அலுமினியத் தகடு. பளபளவென்று இருந்ததால் இரண்டே வாரத்தில் ஊர்ப் பிள்ளைகள் கழுத்தில் பதக்கமாகத் தொங்கியது. பிறகு ஐஸ் குச்சி. கரையான் தின்றது. இரண்டாம் வருஷம் மாசியில் அலுத்துப்போய்த் திருப்பாதிரிப்புலியூர் சன்னதித் தெருவில் ஒரு கடையில் ஏறி, பச்சையில் பளிச்சென்று தெரிகிற நூலாக ஒன்று கேட்டேன். கடைக்காரர் ஒரு கண்டு மஞ்சள் நூல் எடுத்துப் போட்டார். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மஞ்சள் நூலுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவளா நான்? வேளாங்கண்ணியில் நானே கட்டியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் மண்டையில் ஆராய்ச்சியைத் தவிர வேறு எதுவும் ஏறவில்லை.

கன்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல். முடிச்சில் ஒரு ரகசியம் வைத்தேன். முதல் வருஷக் கன்றுக்கு ஒரு முடிச்சு, ஒரு கோடை தாண்டியதற்கு இரண்டு முடிச்சு, முழங்கால் உயரம் வந்துவிட்டால் மூன்று. மூன்று முடிச்சு போட எனக்கு வாய்க்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

அந்த ஆடியில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய் நான் ஒரு மாதம் கடலூரிலேயே தங்கும்படி ஆயிற்று. ஆவணியில் திரும்பிப் போனேன். காட்டுக்குள் நுழைந்ததும் மஞ்சள் பூ ஏதோ பூத்திருக்கிறதென்று நினைத்தேன். எல்லாம் நூல். நான் கட்டியது, கட்டாதது, கட்டத்துக்கு உள்ளே, வெளியே, கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒவ்வொரு கன்றின் கழுத்திலும் மஞ்சள் நூல். சிலவற்றைச் சுற்றி ஆடு தாண்டாமல் முள் போட்டிருந்தார்கள். சிலவற்றின் காலடி ஈரமாக இருந்தது, யாரோ சொம்பில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். குனிந்து முடிச்சுகளைப் பார்த்தேன். எல்லாம் மூன்று முடிச்சு. என்னுடைய கன்றுகளிலும் மூன்று முடிச்சு.

பெருக்கிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். சிஸ்டர் கன்றுகளுக்கு நூல் கட்டி எதற்கோ வேண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஊருக்குள் பேச்சாகி, ஆடித் திருவிழாவுக்கு வந்த பெண்கள் ஆளுக்கொன்று கட்டியிருக்கிறார்கள். பிள்ளை வரத்துக்கு, பெண் கல்யாணத்துக்கு, வெளிநாடு போன மகனுக்கு. அது புரிந்தது. என்னுடைய முடிச்சுகளை யார் தொட்டது?

"நான்தான் சிஸ்டர். ஒத்த முடிச்சு ரெட்ட முடிச்சோட உட்டுட்டுப் போயிருந்தீங்க. உங்க ஆளுங்களுக்கு மூணு போடணும்னு தெரியாது போலன்னு எல்லாத்துக்கும் நான் போட்டு முடிச்சேன். ரெண்டு நாள் புடிச்சிச்சி."

அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. ரெண்டு நாள் முதுகு ஒடியக் குனிந்து எனக்கு ஒரு உபகாரம் செய்திருக்கிறாள். என் கணக்குப்படி அந்தக் காட்டில் இருந்த அத்தனை பொடிக் கன்றும் இப்போது முழங்கால் உயரம் வந்துவிட்டது.

நெறியாளர் நேரில் வந்து பார்த்தார். கோபக்காரர் இல்லை, அதுதான் கொடுமை. எந்தக் கன்றுக்கு என்ன வயது என்று தெரியவில்லை, அதைக்கூட எப்படியாவது சரிக்கட்டலாம். ஆனால் நூல் கட்டிய கன்றை யாரும் பிடுங்குவதில்லை, ஆட்டை விடுவதில்லை, கோடையில் தண்ணீர் வேறு. இயற்கையாக என்ன நடக்கிறது என்று பார்க்க வந்த இடத்தில் இயற்கையே மிச்சமில்லை. குனிந்து ஒரு நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நீங்க எண்ணிக்கிட்டிருக்கிறது செடிய இல்லம்மா. வேண்டுதல."

வேறு காடு பார்த்து முதலிலிருந்து தொடங்கலாம் என்றார். முதலிலிருந்து தொடங்க என்னிடம் வருஷம் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

அடுத்த செவ்வாய் ஒரு கத்தரிக்கோலோடு பஸ் ஏறினேன். எல்லாவற்றையும் வெட்டி எறிவது என்ற முடிவோடு. ஆராய்ச்சிக்காக இல்லை, சுத்தமான ஆத்திரம். நாலைந்து நூலை வெட்டியும்விட்டேன். அவள் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொண்ணுத்துக்கும் ஒருத்தி இருக்கிறாள், உங்களுடையது எது என்று காட்டுங்கள், அதை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள் என்றாள். அதைத்தானே என்னால் காட்ட முடியாது! அதைச் சொல்ல வாயெடுத்தபோது அழுகை வந்துவிட்டது. பட்டம் போச்சு என்றேன். பட்டம் என்றால் என்ன, அது போனால் என்ன ஆகும் என்று அவள் கேட்கக் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் துடைப்பத்தின் ஈர்க்குச்சிகளைத் தட்டித் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் கத்தியிருப்பேன்.

அழுது முடித்த பிறகுதான் வெட்டிய நூல்களைக் கவனித்தேன். எல்லாம் இறுக்கிக் கட்டியவை. தண்டு பெருக்கப் பெருக்க நூல் கழுத்தை நெரித்துவிடும். பாலை வளர வருஷங்கள் எடுக்கும்தான், ஆனால் அதற்குள் மக்கிப்போகாத நைலான் கலந்த நூல் கட்டியவர்களும் இருந்தார்கள். அவிழ்த்தே ஆகவேண்டும் என்றேன். நிறைவேறாத வேண்டுதலை அவிழ்க்கவே கூடாது என்றாள். இருவரும் மரத்தடியில் உட்கார்ந்து மத்தியானம்வரை வாதாடினோம். வழி அவள்தான் கண்டுபிடித்தாள்.

"அவுத்த கையோட லூசாக் கட்டிப்புட்டா, அவுத்ததா ஆவாது சிஸ்டர். கட்டுனதாத்தான் ஆவும்."

இதில் தர்க்கம் பார்த்தால் வேலை நடக்காது. மூன்று நாள் தொடர்ந்து போனேன். அவள் அவிழ்ப்பாள், நான் ஒரு விரல் நுழைகிற மாதிரி தளர்த்திக் கட்டுவேன், மூன்று முடிச்சு போட்டு. கடைசியில் ஒரு கன்று மிஞ்சியது. யாருடையது என்று தெரியவில்லை. அதை உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள், என்ன வேண்டிக்கொள்கிறீர்கள் என்று கேட்டாள். இது முழங்கால் உயரம் வளரணும், அதுக்கு மேல ஒண்ணும் வேணாம் என்றேன். செடியிடமே செடியைக் கேட்கிறீர்களே என்று அவள் சிரித்தது இப்போதும் காதில் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவே அந்தக் காட்டுக்கு நான் போன கடைசி நாள்.

ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டுக் கடலூர் வந்தேன். பழைய பள்ளிக்கூடம், பழைய கரும்பலகை. பத்தாம் வகுப்புக்கு விதை முளைப்பதைப் பற்றிப் பாடம் எடுக்கும் ஒவ்வொரு வருஷமும் ஒரு நாள் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவள் மேல் கோபம் தீர நாலைந்து வருஷம் ஆயிற்று. தீர்ந்த பிறகு போய்ப் பார்த்திருக்கலாம். என்ன முகத்தோடு போவது என்று தள்ளித் தள்ளியே காலம் ஓடிவிட்டது. அதற்கு நான் வெட்கப்படுகிறேன். போன ஆனியில் ஒரு போன் வந்தது. சிஸ்டர் என்ற முதல் வார்த்தையிலேயே யாரென்று தெரிந்துவிட்டது.

கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் உபயமாக மரத்தடி முழுக்க சிமெண்ட் போட்டு டைல்ஸ் ஒட்டப்போகிறார்கள். செடிகளைப் பிடுங்கவேண்டும் என்று கமிட்டி சொல்ல, வேண்டுதல் நிறைவேறாத செடியைப் பிடுங்கினால் அந்தப் பாவம் யார் தலையில் என்று இவள் போய் நின்றிருக்கிறாள். கடைசியில் இப்படி முடிவாகியிருக்கிறது: வேண்டுதல் நிறைவேறியவர்கள் வந்து நூலை அவிழ்த்துவிட வேண்டும், அந்தச் செடி எடுக்கப்படும். நிறைவேறாதவர்களின் செடியைச் சுற்றி மட்டும் வட்டமாக மண் விட்டு டைல்ஸ் போடுவார்கள். வெள்ளிக்கிழமை காலை கட்டியவர்கள் எல்லோரும் வரவேண்டும்.

"உங்களுதும் ஒண்ணு கீது. வந்துடுங்க சிஸ்டர்" என்று வைத்துவிட்டாள்.

போனேன். அவளுக்கு முன்மண்டை நரைத்திருந்தது. கையில் அதே நீளத் துடைப்பம். நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை, நேராக மரத்தடிக்குக் கூட்டிப் போனாள். நூற்றுக்கணக்கில் கட்டியதில் பெரும்பாலானவை செத்துப்போயிருந்தன. வறட்சி, புயல், ஏதோ பூச்சி. பதினோரு கன்றுகள் நின்றன. மக்கிய நூலை எல்லாம் வருஷா வருஷம் ஆடியில் மாற்றி, விரல் நுழைகிற மாதிரி தளர்த்திக் கட்டியிருக்கிறாள். பதினொன்றும் முழங்காலைத் தாண்டியவை. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

கமிட்டித் தலைவர் பெரியவர், கண்ணாடி போட்டவர். ஒவ்வொரு செடியின் முன்னாலும் நின்று, கட்டியவளைக் கூப்பிட்டு, வேண்டியது நடந்ததா என்று கேட்டார். பின்னாலேயே கொத்தனார் சுண்ணாம்புப் பொடியோடு வந்தார். முதலில் வந்தவள் பிள்ளை வரம் கேட்டுக் கட்டியவள். அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் நடக்கலீங்க என்றாள். அடுத்தவள் மகள் கல்யாணத்துக்குக் கட்டியவள். மகள் பக்கத்திலேயே மெட்டியோடு நின்றாள். இன்னும் நடக்கல. நம் ஆள் கட்டியது மகளுக்கு நர்ஸ் படிப்பு கிடைக்க. மகள்தான் ஆஸ்பத்திரி யூனிபாரத்தோடு அவளை ஸ்கூட்டியில் கொண்டுவந்து இறக்கினாள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, எங்கீங்க நடந்துச்சி என்றாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்ம ஐயனாரு இந்த ஊர்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் செய்யல போல" என்றார். சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

கடைசியில் என் முன்னால் வந்து நின்றார். எண்ணிக்கையில் ஒரு இலக்கத்தைக்கூட மாற்றி எழுதாதவள் நான். வேறு காட்டில் எண்ணியதாக இட்டுக்கட்டி எழுதியிருந்தால் அந்தப் பட்டம் என் கையில் இருந்திருக்கும், எழுதவில்லை. செடியைப் பார்த்தேன். என் நெஞ்சு உயரம் இருந்தது. கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டது. அவள் வேறெங்கோ பார்ப்பது போல மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டுனது நடந்துச்சாம்மா?" என்றார் தலைவர்.

"இன்னும் இல்லைங்க" என்றேன்.

கொத்தனார் குனிந்து என் கன்றைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டார்.